பெட்ரோலும் பருவமும்

காலம் செல்லச் செல்லச் சிறப்படையும் பொருள்கள் சில. சீர்கெடும் பொருள்கள் பல. புதிய அரிசியினும் பழைய அரிசியே உணவுக்கு ஏற்றது என்பர் பெரியோர். ஆனால் காலையில் கறந்த பால் மாலைக்குள் திரிந்து விடுகிறது. மாலையில் மலர்ந்த பூ மறுநாள் வாடிவிடுகிறது. பாலும் பூவும் கெடுவதை நாம் கண்ணால் காண்கிறோம். பெட்ரோலும் அவ்வாறே கெடும் என்பதைப் பலர் அறியார். இரும்புத் தொட்டியில் மூடி வைத்த எண்ணெய்க்கு என்ன கேடு வந்துவிடும் என்று அவர்கள் எண்ணுவர். கோடையில் விற்கும் பெட்ரோல் வேறு, குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோல் வேறு என்று கூறினாலோ, அவர்கள் வியப்படைவர். ஆயினும் இவ்விரண்டும் உண்மையே. இரண்டிற்கும் அடிப்படையும் ஒன்றே. அவ்வடிப்படையை இப்பாடத்தில் காண்போம்.

பெட்ரோல் எரிகிறது என்று நாம் சொல்கிறோம். நுட்பமாக நோக்கினால், எரிவது பெட்ரோலினின்றும் எழுகின்ற ஆவியே ஆகும். மோட்டார் காரின் எஞ்சினுக்குள் பெட்ரோல் நுண்ணிய துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. அத்துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலக்கின்றன. அக்கலவை சிலிண்டரினுள் அழுத்தப்படும்பொழுது, மின்சாரத் தீப்பொறி ஒன்று தோன்றி அதனைப் பற்ற வைக்கிறது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அதனால் சக்கரங்கள் சுழல்கின்றன. முற்காலக் கார்களில் கார்புரேட்டர் என்னும் கருவி பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது. இக்காலக் கார்களில் மின்னணுக் கருவியின் கட்டளைப்படி இயங்கும் தெளிப்பான்கள் அவ்வேலையைச் செய்கின்றன. கருவி மாறினும் இயற்கையின் விதி மாறவில்லை. ஆவி இல்லையேல் எரிதலும் இல்லை.

இனி, பெட்ரோலின் இயல்பை அறிவோம். தண்ணீர் ஒரே வகைப் பொருளால் ஆனது. ஆகவே கடல் மட்டத்தில் அது 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. பெட்ரோல் அத்தகையது அன்று. கச்சா எண்ணெயினின்றும் பிரித்தெடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான நீர்மங்கள் அதில் கலந்துள்ளன. அவற்றுள் சில மிக இலேசானவை, சில கனமானவை. பெட்ரோலில் சேர்க்கப்படும் பியூட்டேன் என்னும் பொருள் தனித்திருந்தால், நீர் உறையும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழேயே கொதித்து வாயுவாகி விடும். கனமான பகுதிகளோ 200 பாகையை நெருங்கும் வெப்பத்தில்தான் ஆவியாகும். கூட்டம் கலையும்பொழுது இளைஞர் விரைந்து வெளியேறுவதையும், முதியோர் மெல்ல நடந்து இறுதியில் செல்வதையும் நாம் பார்த்திருக்கிறோம். பெட்ரோலிலும் இலேசான பகுதிகளே முதலில் பறந்து செல்கின்றன. கனமான பகுதிகள் பின்தங்கி நிற்கின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

ஒரு பெட்ரோல் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதை அறிவியலார் அளந்து கூறுகின்றனர். மூடிய கலத்தில் பெட்ரோலை இட்டு, ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி, அதன் ஆவி எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்ப்பர். அமெரிக்காவில் இவ்வழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்று குறிப்பது வழக்கம். கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டு ஆகும். ஒரு நீர்மத்தின் ஆவியழுத்தம் காற்றின் அழுத்தத்தை எட்டினால், அந்நீர்மம் கொதிக்கத் தொடங்கும். எனவே 15 பவுண்டு ஆவியழுத்தம் உடைய பெட்ரோல், 38 பாகை வெப்பத்தில் திறந்த கலத்தில் வைத்தால் தானே கொதிக்கும். 9 பவுண்டு அழுத்தம் உடையதோ, அவ்வெப்பத்திலும் கொதிக்காது.

பருவத்திற்கேற்பப் பெட்ரோலை மாற்றும் முறையைத் தெளிவாகக் காண்பதற்கு ஏற்ற நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகும். அப்பெரு நாட்டில் கடுங்குளிரும் கடுங்கோடையும் உண்டு. வடக்கே மின்னசோட்டா மாநிலத்தில் சனவரித் திங்களில் வெப்பநிலை சில நாள்களில் உறைநிலைக்கும் கீழே 30 பாகை வரை இறங்குவதுண்டு. ஏரிகள் கல்லாய் உறைந்து கிடக்கும். அத்தகைய விடியற்காலையில் ஒருவர் தம் காரை இயக்க முயல்கிறார் என்று கொள்வோம். எஞ்சின் முழுதும் பனிக்கட்டி போற் குளிர்ந்துள்ளது. தெளிக்கப்பட்ட பெட்ரோல் ஆவியாவதற்குப் போதிய வெப்பம் இல்லை. கனமான பகுதிகள் குளிர்ந்த சுவரில் படிந்து நீர்மமாகவே நின்றுவிடும். அந்நிலையில் இலேசான பகுதிகள்தாம் துணை செய்ய வேண்டும். அவை மிகுதியாக இருந்தால் முதல் தீப்பொறிக்கே எஞ்சின் உயிர் பெறும். குறைவாக இருந்தால் எத்தனை முறை முயன்றாலும் அது இயங்க மறுக்கும். மனித நடமாட்டம் இல்லாத சாலையில் அக்குளிரில் கார் நின்றுவிட்டால், அது உயிருக்கே இடர் ஆகும். ஆகையால் குளிர்காலப் பெட்ரோலில் பியூட்டேனை மிகுதியாகக் கலக்கின்றனர். அதன் ஆவியழுத்தம் குளிர் மிக்க பகுதிகளில் 15 பவுண்டு வரை உயரும்.

அதே பெட்ரோலைக் கோடையில் பயன்படுத்தினால் என்ன நேரும்? தென்மேற்கே அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்னும் நகரம் உள்ளது. அங்குக் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கமான நிகழ்ச்சி. அவ்வெயிலில் நின்ற காரின் எஞ்சின் அருகே வெப்பம் இன்னும் மிகும். பெட்ரோல் செல்லும் குழாய்க்குள்ளேயே இலேசான பகுதிகள் கொதித்துக் குமிழிகள் ஆகிவிடும். பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினை ஒட்டி அமைந்திருந்தது. நீர்மத்தை இழுக்கும் அப்பம்பால் ஆவியை இழுத்துத் தள்ள இயலவில்லை. தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்குப் பெட்ரோல் கிட்டாமல் கார் நடுவழியில் நின்றுவிடும். இதனை ஆவியடைப்பு என்பர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் போன்ற நகரங்களில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே அங்குப் பெட்ரோல் இன்னும் எளிதாகக் கொதிக்கும். இக்காலக் கார்களில் பம்ப் தொட்டிக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருந்து, மிகுந்த அழுத்தத்தோடு அதனைத் தள்ளுகிறது. அதனால் ஆவியடைப்பு பெரிதும் குறைந்துவிட்டது.

கார் நிற்பது ஒருவருக்கு நேரும் இடர். கோடையில் பெட்ரோல் ஆவியாவதால் ஊருக்கே நேரும் இடர் ஒன்றும் உண்டு. 1940-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் பழுப்பு நிறப் புகைமூட்டம் ஒன்று அடிக்கடி சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன; மூச்சுத் திணறிற்று. இலைகள் கருகின. ரப்பர்ப் பொருள்கள் வெடித்துப் பிளந்தன. அதன் காரணத்தை யாரும் அறியவில்லை. அப்பொழுது கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலார் பணியாற்றி வந்தார். அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் உண்டாகிறது என்பதை ஆராய்ந்து கொண்டிருந்த அவர், அம்முறைகளைக் கொண்டே நகரத்துக் காற்றையும் ஆராய்ந்தார். பெட்ரோலினின்றும் எழும் ஆவியும், காரின் புகைக் குழாயினின்றும் வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது என்று 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் விளக்கினார். வானின் உயரத்தில் இருந்து நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரையருகே தோன்றினால் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். சிறுவர்களையும் ஆஸ்துமா நோயாளரையும் அது மிகுதியாக வருத்தும்.

ஆகவே கோடையில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாதபடி காப்பது பொதுநலம் கருதிய கடமை ஆயிற்று. 1989 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் நாடு முழுதும் கோடைப் பெட்ரோலின் ஆவியழுத்தத்திற்கு வரம்பு விதித்தது. சூன் முதல் நாள் தொடங்கிச் செப்டம்பர் 15 ஆம் நாள் வரை விற்பனை நிலையங்களில் இவ்வரம்பு செல்லும். அது பொதுவாக 9 பவுண்டு. வெப்பமும் மாசும் மிக்க சில பகுதிகளில் 7.8 பவுண்டு. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தமக்கென இன்னும் கடுமையான வரம்புகளை வகுத்துக் கொண்டுள்ளன. சேமிப்பு நிலையங்களோ மே முதல் நாளிலேயே கோடைப் பெட்ரோலுக்கு மாறிவிட வேண்டும்.

சுத்திகரிப்பு ஆலைகளில் இம்மாற்றம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. இளவேனிலில் பியூட்டேனைக் குறைத்துவிட்டு, அதனினும் விலை மிக்க வேறு பகுதிகளைச் சேர்க்கின்றனர். கோடையில் பெட்ரோல் விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிரித்தெடுத்த பியூட்டேனை அழுத்தம் தாங்கும் கலங்களிலும், நிலத்தடியில் உள்ள உப்புப் பாறைக் குகைகளிலும் சேமித்து வைக்கின்றனர். இலையுதிர் காலம் வந்ததும் அது மீண்டும் பெட்ரோலோடு சேர்கிறது.

இவ்வொழுங்கு சில வேளைகளில் தடைப்பட்டதும் உண்டு. 2005 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கத்ரீனா என்னும் பெரும்புயல் வளைகுடாக் கடற்கரையைத் தாக்கியது. அங்கிருந்த ஆலைகள் பல நின்றன. பெட்ரோல் தட்டுப்பாட்டைப் போக்குவதற்காகக் கோடைக்கால வரம்பு அவ்வாண்டு முன்னதாகவே தளர்த்தப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் நேர்ந்தது இதற்கு மாறானது. கொரோனாத் தொற்றினால் மக்கள் வீட்டிலேயே தங்கினர், கார்கள் ஓடவில்லை. சேமிப்புத் தொட்டிகளில் குளிர்காலப் பெட்ரோல் விற்காமல் தேங்கியது. அதை வெளியேற்றாமல் கோடைப் பெட்ரோலை எங்கே ஊற்றுவது? ஆகவே மே முதல் நாளில் நடைபெற வேண்டிய மாற்றம் மே 20 ஆம் நாள் வரை தள்ளி வைக்கப்பட்டது.

குளிர்காலத்தில் கார் மிகுதியாகப் பெட்ரோல் குடிக்கிறது என்று அந்நாட்டு மக்கள் குறை கூறுவதுண்டு. அதில் உண்மை உண்டு. குளிர்காலப் பெட்ரோலில் இலேசான பகுதிகள் மிகுதியாதலால், ஒரு லிட்டரில் அடங்கியுள்ள ஆற்றல் கோடைப் பெட்ரோலைவிட ஏறத்தாழ 1.7 விழுக்காடு குறைவு. ஆனால் முழுப் பழியையும் பெட்ரோலின் மேல் சுமத்துதல் முறையன்று. வெப்பநிலை 25 பாகையினின்றும் உறைநிலைக்குக் கீழே 7 பாகைக்கு இறங்கினால், நகரத்துள் குறுந்தொலைவு ஓடும் காரின் எரிபொருட் சிக்கனம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது. எஞ்சின் எண்ணெய் தடித்து விடுதல், டயர்களில் காற்றழுத்தம் குறைதல், எஞ்சின் சூடாவதற்கு நெடுநேரம் ஆதல், குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்து வண்டியைத் தடுத்தல் ஆகிய பலவும் அதற்குக் காரணங்கள். பெட்ரோலின் பங்கு அவற்றுள் சிறியதே.

இதுவரை புதிய பெட்ரோலின் இயல்பைக் கண்டோம். இனிப் பழைய பெட்ரோல் எவ்வாறு கெடுகிறது என்பதைக் காண்போம். மூன்று வகையால் அது கெடும்.

முதலாவது, ஆவியாகிப் போதல். மூடி நன்கு பொருந்தாத கலத்தில் வைத்த பெட்ரோலினின்றும் இலேசான பகுதிகள் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பறந்துவிடுகின்றன. அளவு பெரிதும் குறையாமலிருக்கலாம். ஆனால் எஞ்சினைத் தொடங்கி வைக்கும் பகுதியே போய்விடுகிறது. எஞ்சியது எரியும், எளிதில் பற்றாது.

இரண்டாவது, காற்றோடு வினைபுரிதல். பெட்ரோலில் உள்ள சில பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து பிசின் போன்ற பொருளாக மாறுகின்றன. பெட்ரோலின் நிறம் கறுக்கிறது. மணம் மாறி வார்னிஷ் போன்ற நாற்றம் வீசுகிறது. அப்பிசின் தெளிப்பான்களின் நுண்துளைகளையும் கார்புரேட்டரின் சிறு வழிகளையும் அடைத்துவிடும். அதனால் எஞ்சின் சீராக ஓடாமல் தடுமாறும். வெயிலும் வெப்பமும் இக்கேட்டை விரைவுபடுத்துகின்றன.

மூன்றாவது, நீர் சேர்தல். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் கலக்கப்படுகிறது. அமெரிக்காவில் அதன் பங்கு பெரும்பாலும் 10 விழுக்காடு. எத்தனால் நீரை விரும்பி ஏற்கும் தன்மையது. காற்றிலுள்ள ஈரத்தையும் அது சிறுகச் சிறுக ஈர்த்துக் கொள்ளும். அத்தகைய பெட்ரோல் ஏறத்தாழ 15 பாகை வெப்பநிலையில் தன் அளவில் 0.5 விழுக்காடு நீரைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அதற்கு மேல் நீர் சேர்ந்தாலோ, குளிர் மிகுந்தாலோ, கலவை இரண்டாகப் பிரிந்துவிடும். நீரும் எத்தனாலும் சேர்ந்து தொட்டியின் அடியில் தங்கும்; பெட்ரோல் மேலே நிற்கும். பம்ப் தொட்டியின் அடியினின்றே இழுக்கிறது. ஆகவே எஞ்சினுக்குச் செல்வது எரியாத நீர்க்கலவையே. வண்டி நிற்பதோடு, உலோகப் பகுதிகள் துருப்பிடிக்கவும் அது காரணமாகும்.

இவ்வளவும் ஒரு நாளில் நிகழ்வன அல்ல. நன்கு மூடிய கலத்தில் குளிர்ந்த இடத்தில் வைத்த பெட்ரோல் சில திங்கள் கெடாமல் இருக்கும். ஆலையில் சேர்க்கப்படும் காப்புப் பொருள்களும் துணை செய்கின்றன. எனினும் எத்தனால் கலந்த பெட்ரோலை மூன்று திங்களுக்குள் பயன்படுத்திவிடுதல் நன்று. பருவமும் முதுமையும் சேர்ந்து துன்புறுத்துவதும் உண்டு. ஆகஸ்டில் நிரப்பிய பெட்ரோலோடு கொட்டகையில் நின்ற கார், சனவரிக் குளிரில் எளிதில் இயங்காது. அது கோடைப் பெட்ரோல். ஆகவே இலேசான பகுதி முன்னமே குறைவு. இருந்த சிறிதும் ஐந்து திங்களில் ஓடிவிட்டது.

இவ்வுண்மையைக் கருதியே ஒரு காரில் புதுமையான ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. 2010 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் செவ்ரோலெ வோல்ட் என்னும் கார் விற்பனைக்கு வந்தது. அது மின்கலத்தாலும் ஓடும், பெட்ரோலாலும் ஓடும். நாள்தோறும் சிறு தொலைவே செல்பவர் மின்சாரத்தாலேயே ஓட்டுவர்; தொட்டியிலுள்ள பெட்ரோல் பல திங்கள் தீண்டப்படாமல் கிடக்கும். ஆதலின் அக்கார் தன் பெட்ரோலின் வயதைத் தானே கணக்கிட்டு வந்தது. சராசரி வயது ஓராண்டைத் தாண்டினால், மின்சாரம் இருந்தாலும் எஞ்சினை இயக்கிப் பழைய பெட்ரோலைச் செலவழித்தது.

காரை விடவும் கருத வேண்டியது அவசர காலத்து மின்னாக்கி ஆகும். புயல் வரும் என்று அஞ்சிப் பலர் வீட்டில் சிறு மின்னாக்கியை வாங்கி, பெட்ரோலை நிரப்பி வைக்கின்றனர். புயல் வராத ஆண்டுகளில் அதனை மறந்துவிடுகின்றனர். புயல் வந்த இரவில், ஊர் முழுதும் இருண்டு, நோயாளிக்கு மூச்சுக் கருவி இயங்க வேண்டிய வேளையில், கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அது முழங்குவதில்லை. பழைய பெட்ரோலின் பிசின் அதன் கார்புரேட்டரை அடைத்திருக்கும். கருவி இருந்தும் பயனில்லை. பணம் செலவிட்டும் பயனில்லை. சில திங்களுக்கு ஒரு முறை அதனை இயக்கிப் பார்த்துப் பெட்ரோலை மாற்றி வைத்திருந்தால் அந்நிலை வந்திராது.

நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் பனி உறையும் குளிர் இல்லை. ஆயினும் இந்தியத் தரநிலையிலும் ஆவியடைப்பைத் தடுக்கும் பொருட்டுக் கோடைக்கு ஒரு வரம்பும் பிற திங்கள்களுக்கு ஒரு வரம்பும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. 2025 ஆம் ஆண்டில் நம் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. ஆகவே கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் தொட்டி மூடியை நன்கு மூடி ஈரத்தைத் தடுப்பது நமக்கும் கடமையாகும்.

பழுது வந்தபின் வருந்துவதினும் வருமுன் காத்தல் எளிது. வேண்டிய அளவே பெட்ரோலை வாங்குக. நெடுநாள் நிறுத்தி வைக்கும் வண்டியில் தொட்டியைப் பெரும்பாலும் நிரப்பி வைத்தால், உள்ளே காற்றுக்கும் ஈரத்திற்கும் இடம் குறையும். கெடாமல் காக்கும் மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் புதிய பெட்ரோலில் சேர்த்தால் பயன் தரும். கெட்ட பெட்ரோலை அவை நன்றாக்க மாட்டா. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் தேடிச் செல்லும். ஆதலின் அதனை வீட்டுக்குள் சேமித்தல் கூடாது. கெட்டுப்போன பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுதலும் தீது. அது நாம் குடிக்கும் நீரையே நஞ்சாக்கும். அதனை முறைப்படி அகற்றுவோரிடம் ஒப்படைத்தலே தக்கது.

நிலத்தின் ஆழத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடந்தது கச்சா எண்ணெய். அதனை எடுத்துப் பிரித்துப் பெட்ரோலாக்கித் தொட்டியில் ஊற்றியபின், அது சில திங்கள்களிலேயே தளர்ந்துவிடுகிறது. வலிமை மிக்க எஞ்சினும், எளிதில் பறந்துவிடும் ஒரு சிறு ஆவியையே நம்பி நிற்கிறது. பருவம் அறிந்து கலத்தலும், காலம் கடவாமல் பயன்படுத்தலும் அந்த ஆவியைக் காக்கும் வழிகள். முன்னது ஆலையில் பணிபுரிவோர் கடமை; பின்னது நம் கடமை.